வேம்புலி அண்ணாத்தேயின் கத்திரித் தோட்டம்

“மாட்டுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று நிலைய இயக்குநர் இராமகிருஷ்ணன் கேட்டபோது, எந்த மாடு என்று லட்சுமணனுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“எந்த மாடு சார்?”

“உம்ம மாடுதான்யா. செவலை. வயிறு உப்பிப்போய்ப் படுத்துக்கிச்சுன்னு போன வாரம் ரேடியோவில் சொன்னீரே.” மேஜைமேல் கிடந்த அஞ்சலட்டைகளை அவர் விரலால் தள்ளினார். “ஊரே விசாரிச்சு எழுதியிருக்கு. சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு நேயர் மன்றம் உம்ம மாட்டை நேரில் பார்க்கவே கிளம்பி வருதாம்.”

லட்சுமணன் அஞ்சலட்டைகளை எடுத்துப் புரட்டினான்.

வானொலியில் ‘கழனிப் பேச்சு’ என்ற விவசாய நிகழ்ச்சியை நடத்துகிறவன் அவன். அதில் அவனுக்குப் பெயர் லட்சுமணன் இல்லை, வேம்புலி அண்ணாத்தே. விவசாய நிகழ்ச்சி என்றால் நடத்துகிறவனும் விவசாயியாகப் பேச வேண்டும் என்பது நிலையத்தில் யாரோ எப்போதோ ஏற்படுத்திவிட்டுப் போன வழக்கம். அதனால் வேம்புலி அண்ணாத்தேக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, கத்திரித் தோட்டம், ஒரு ஜோடி மாடு எல்லாம் உண்டு. லட்சுமணனுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அப்பா திருநெல்வேலியிலிருந்து ஆவடிக்கு வந்து பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லட்சுமணன் குவார்ட்டர்ஸில் பிறந்து, சிமெண்ட் தரையில் தவழ்ந்து, பி.காம். படித்தவன். வேம்புலியின் பேச்சைக்கூடக் குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றிய பால்காரரிடமிருந்துதான் கற்றுக்கொண்டான். வேம்புலியின் கிணறு, மாடியில் இருந்த ஸ்டூடியோவின் சுவரில் மாட்டிய ஒரு ராட்டினம். அதை இழுத்தால் கிரீச்சென்று சத்தம் வரும், தண்ணீர் வராது.

விவசாய அலுவலகத்திலிருந்து தட்டச்சு செய்த குறிப்பு வரும். அதை வேம்புலியின் வாயில் போட்டு மென்று கொடுப்பது லட்சுமணனின் வேலை. போன வாரக் குறிப்பு மாடுகளின் வயிற்று உப்புசம். கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டுமே என்று அந்த உப்புசத்தைச் செவலையின் வயிற்றில் ஏற்றிவிட்டான். அங்கேதான் சனி பிடித்தது.

“நான் ஒண்ணு யோசிச்சேன்” என்றார் இராமகிருஷ்ணன். டெல்லியில் பல காலம் இருந்துவிட்டு அப்போதுதான் மாற்றலாகி வந்தவர் அவர். “வீட்டுக்கு வீடு டி.வி. வந்துட்டிருக்கு. இதில் பட்டணத்து ரேடியோவுக்கு எதுக்குய்யா கழனிப் பேச்சு? அந்த அரை மணியில் சினிமாப் பாட்டு போட்டா விளம்பரமாவது வரும். நிகழ்ச்சி இருந்துதான் ஆகணும்னா, நிலபுலம் உள்ள நிஜ விவசாயி ஒருத்தரைக் கொண்டாந்து உட்கார வைக்கணும். நீர் பாவம், உமக்கு...”

லட்சுமணன் நிரந்தர ஊழியன் இல்லை. ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருப்பவன். கழனிப் பேச்சு நின்றால் அவன் வீட்டு அடுப்பும் நிற்கும்.

“எனக்கும் நிலம் இருக்கு சார்” என்றான். சொன்னது வேம்புலியா லட்சுமணனா என்று அவனுக்கே தெரியவில்லை.

“அப்படியா? எங்கே?”

“திருநின்றவூர் ஏரிப் பக்கம். ரெண்டு ஏக்கர். கத்திரி போட்டிருக்கேன்.”

“மாடு?”

“மாடும் இருக்கு சார்.”

இயக்குநரின் முகம் மலர்ந்துவிட்டது. லட்சுமணனுக்கு அதுதான் பெரிய துரதிர்ஷ்டம்.

“பிரமாதம்! ஞாயிற்றுக்கிழமை டேப் ரிக்கார்டரோட நானே வர்றேன். சென்னீர்குப்பத்துக்காரங்களையும் அங்கேயே வரச் சொல்லித் தகவல் கொடுத்துடறேன். விவசாயியை விவசாயிங்க சந்திக்கிறாங்க. அது நல்லா அமைஞ்சா உம்ம நிகழ்ச்சி தப்பிச்சுது. இல்லேன்னா சினிமாப் பாட்டுதான்.”

திருநின்றவூரில் லட்சுமணனுக்கு இருந்தது ஒரு வாடகை வீடு. பின்கட்டில் துணி துவைக்கும் கல்லும், முன்னால் ஒரு துளசிச் செடியும் உண்டு. மின்சார ரயிலைவிட்டு இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி கஸ்தூரி மூக்கில் விரல் வைத்தாள். அவளும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்தான்.

“ஏங்க, நம்ம வீட்ல இருக்கிறதே ஒரு துளசி. அதுக்கும் பக்கத்து வீட்டு அக்காதான் தண்ணி ஊத்துறாங்க. ரெண்டு ஏக்கருக்கு எங்க போவீங்க?”

“ஒரு நாளைக்குத்தானே. யார்கிட்டயாவது இரவல் வாங்கிக்கலாம்.”

“சேலை இரவல் வாங்கி இருக்கேன். நகை இரவல் வாங்கி இருக்கேன். தோட்டத்தை எப்படிங்க இரவல் கேக்கிறது?”

கேட்டாலும், மூன்றாவது தெருவில் காய்கறி விற்கும் சுலைமானுக்கு ஏரிக்கரையில் தோட்டம் இருப்பதை ஞாபகப்படுத்தியவளும் அவள்தான்.

சுலைமான் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“தோட்டத்த எங்கியும் தூக்கினு போவ மாட்டீங்களே?”

“எங்க பாய் தூக்கிட்டுப் போறது? சும்மா அதுல நிக்கணும். அவ்வளவுதான்.”

“சரி, நில்லுங்க. பகல் பன்னெண்டு மணி வரிக்கும் அது உங்க தோட்டம். அப்பால என் தோட்டம்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “சார், நீங்க ரேடியோவுல கீறீங்க. நேயர் விருப்பத்துல என் பேரு, ஊட்ல அவங்க பேரு, புள்ளைங்க பேரு எல்லாம் சொல்லி ஒரு பாட்டு போடச் சொல்லுங்களேன்.”

“எத்தனை பிள்ளைங்க?”

“ஏழு.”

லட்சுமணன் தலையாட்டினான். பாட்டைவிடப் பெயர்கள் நீளமாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் அது அப்புறம் வரும் பிரச்சினை.

மாட்டுக்குத் துலுக்கானத்தைப் பிடித்தான். தெருத்தெருவாக மண்ணெண்ணெய் வண்டி ஓட்டுகிறவர் துலுக்கானம். வண்டியை இழுக்கும் மாட்டை எல்லாருக்கும் தெரியும். ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கினால் நடக்கும். கொஞ்ச தூரம் போனதும் யாரும் சொல்லாமலே தானாக நிற்கும். அங்கே பெண்கள் டின்னோடு காத்திருப்பார்கள்.

“குடுக்கறேன் சார். ஆனா மாட்டுப் பேரு ரேடியோல வரணும். ராஜான்னு சொல்லணும்.”

“ரேடியோவுல அதோட பேரு செவலைங்க.”

“செவலையா? இன்னா சார் நீ, இது வெள்ள மாடு!”

லட்சுமணன் அப்போதுதான் மாட்டை முழுசாகப் பார்த்தான். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. வேம்புலியின் மாடோ பத்து வருஷமாகச் செம்பழுப்பு. அந்த நிறத்தை லட்சுமணனே வாய் வலிக்க வர்ணித்திருக்கிறான்.

“கோலத்துக்குப் போடற காவிப் பொடி இருக்குங்க” என்றாள் கஸ்தூரி. “கரைச்சுப் பூசிட்டா போச்சு.”

“ரெண்டு மாடு சொல்லியிருக்கேனே?”

“இன்னொண்ணு ஏர் ஓட்டப் போயிருக்குன்னு சொல்லுங்க. இருக்கிற காவி ஒரு மாட்டுக்குத்தான் வரும்.”

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாட்டுக்குப் பூச்சு முடிந்தது. வெளுத்த இடம் ஏதும் தெரியாதபடி கஸ்தூரி இரண்டு கை பூசினாள். திருப்தியோடு தோட்டத்தைப் பார்க்கப் போன லட்சுமணன் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். செடி இருந்தது. இலை இருந்தது. பூகூட இருந்தது. மருந்துக்கு ஒரு காய் இல்லை.

“பாய், காயெல்லாம் எங்க?”

“கொத்தவால் சாவடி மார்க்கெட்டுக்குப் போயிட்ச்சு சார். சனிக்கெழம பறிச்சு லோடு ஏத்திருவோம்.”

“இன்னிக்கு ஆளுங்க பார்க்க வர்றாங்கன்னு சொன்னேனே!”

“நீங்க தோட்டந்தான சார் கேட்டீங்க? காய் கேக்கலியே” என்று நியாயத்தைச் சொல்லிவிட்டு சுலைமான் டீ குடிக்கப் போய்விட்டார்.

லட்சுமணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டுக்கு ஓடினான். அந்த நேரத்தில் கடை திறந்திருந்தவள் ஒருத்தி. அவளிடம் இருந்தது உருண்டை ஊதாக் கத்திரிக்காய் கொஞ்சம், நீட்டுப் பச்சைக் கத்திரிக்காய் கொஞ்சம். எது கிடைத்தாலும் லாபம் என்று கூடையோடு வாங்கிவந்தான். கஸ்தூரி தையல் மெஷினிலிருந்து வெள்ளை நூல்கண்டை எடுத்து வந்தாள். பூக்கட்டிப் பழகிய கை. செடிக்கு இரண்டு மூன்றாகக் காம்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே போனாள்.

கடைசி வரிசைக்கு வந்ததும் நின்றாள். “ஏங்க, இந்த ஓரத்துச் செடிக்கெல்லாம் இலை ரொம்பச் சின்னதா இருக்கே?”

“ஓரத்துச் செடி எப்பவும் அப்படித்தான். உரம் பத்தாது, சவலையாத்தான் வளரும்” என்றான் லட்சுமணன், பத்து வருஷத்து அனுபவத்தோடு. கஸ்தூரியும் நம்பி அவற்றிலும் செடிக்கொன்றாய்க் கட்டிவிட்டாள்.

ஜீப் வந்து நின்றது. இராமகிருஷ்ணனுக்கு வண்டியில் ஏறினால் தூக்கம் வந்துவிடும். வண்டி நின்று டிரைவர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் கண்ணைத் திறப்பார். அன்றும் அப்படித்தான் திறந்தார்.

“எந்த ஊர்யா இது?”

“திருநின்றவூர் சார்” என்றான் லட்சுமணன்.

“ஓ, வந்துட்டமா?” இறங்கிச் சோம்பல் முறித்த இயக்குநர் ஏரிக்கரைப் பக்கம் கையைக் காட்டினார். “நெல்லு நல்லா வந்திருக்கே!”

அது கோரைப்புல். லட்சுமணனுக்கு அது கோரைப்புல் என்று தெரியாது. “ஏதோ சார், உங்க ஆசீர்வாதம்” என்றான்.

சென்னீர்குப்பம் கழனிப் பேச்சு மன்றம் பஸ் பிடித்து நடந்து வந்து சேர்ந்தது. கையில் ரோஜா மாலையோடு முன்னால் வந்தவர் செயலாளர் கோவிந்தன். பின்னால் நாலைந்து ஆண்கள். கடைசியாகப் பொன்னியம்மா என்ற ஒரு பெண்மணி, கையில் ஒரு பாட்டிலோடு. கோவிந்தன் என்ற பெயரைக் கேட்டதும் லட்சுமணனுக்கு மனம் நெகிழ்ந்தது. வாரா வாரம் நிகழ்ச்சிக்குக் கேள்வி அனுப்பி வந்தது அநேகமாக அந்த மன்றம் ஒன்றுதான். கத்திரியில் காய்ப்புழு என்பார்கள், நெல்லில் குலைநோய் என்பார்கள். அவர்கள் வயலுக்கு வராத வியாதி கிடையாது. அவர்கள் இல்லாவிட்டால் வேம்புலி அண்ணாத்தே என்றைக்கோ ஊமையாகி இருப்பார்.

மாலை கழுத்தில் விழுந்ததும் லட்சுமணன் வேம்புலியானான்.

“வா நைனா வா! ஊட்ல அல்லாரும் சொகமா? பயிரு எப்பிடிக் கீது?”

“அதே கொரலுப்பா!” என்று கோவிந்தன் குதித்தார். “பொன்னியம்மா, கேட்டியா? அச்சு அசலு அதே கொரலு!”

பொன்னியம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கத்திரிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோவிந்தனும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து பொன்னியம்மாவைப் பார்த்தார். மன்றத்தார் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை இருந்த கலகலப்பு போன இடம் தெரியவில்லை. நிஜ விவசாயிகள் ஆயிற்றே, கண்டுபிடித்திருப்பார்கள். இனிமேல் சினிமாப் பாட்டுதான்.

அதற்குள் இயக்குநரும் குனிந்துவிட்டார். “இது என்ன, காம்பில் நூல் கட்டியிருக்கு?”

லட்சுமணன் செடியை மறைத்துக்கொண்டு நின்றான்.

“அதுங்களா சார்?” என்றார் கோவிந்தன். “காய் கனத்துல காம்பு ஒடிஞ்சிடும். அதுக்கோசரம் நூலு கட்டி வுடறது. அண்ணாத்தேதான் ரேடியோல சொன்னாரு. நாங்க அல்லாம் அதுலேர்ந்து நூலு கட்டாம கத்திரியே வெக்கறதில்ல.”

டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் குறித்துக்கொண்டார். எப்போது சொன்னோம் என்று லட்சுமணன் மண்டையைக் குடைந்து பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. பத்து வருஷத்தில் எத்தனையோ குறிப்பு, அதில் இதுவும் இருந்திருக்கலாம்.

“ஒரே செடியில் ஊதாவும் பச்சையும் இருக்கே?”

“ஒட்டு கட்டினது சார். அதுவும் அண்ணாத்தே சொன்னதுதான்.”

இரண்டாவது தரம் கேட்டபோது லட்சுமணனுக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. “ஆமா சார்” என்று தானும் சேர்ந்துகொண்டான். “ரெண்டு வித காய் ஒரே செடில வந்தா கொயம்புக்கு ஒண்ணு, பொரியலுக்கு ஒண்ணு.” தன்னுடைய விவசாய அறிவின்மேல் அவனுக்கே மரியாதை பிறந்திருந்தது.

மாடு தென்னை மரத்தடியில் நின்றது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் துலுக்கானம் ஒளிந்திருந்தார். இயக்குநர் பாசத்தோடு போய் மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். கையை எடுத்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. மாட்டின் முதுகில் ஐந்து விரலும் வெள்ளையாய்ப் பதிந்திருந்தது.

“என்னய்யா இது? மாட்டில் சாயம் போகுது!”

“காவி சார்” என்றார் கோவிந்தன் உடனே. “ஒடம்பு சரியில்லாத மாட்டுக்குக் காவி பூசினா ஈ குந்தாது. இதுவும் அண்ணாத்தே...”

“...சொன்னதுதான்” என்று முடித்தார் இயக்குநர். “ஒரு நிகழ்ச்சியை இப்படி மனப்பாடமா வெச்சிருக்கிற நேயர்களை நான் பார்த்ததே இல்லை!”

பொன்னியம்மா மாட்டின் அருகே போய் மூக்கை உறிஞ்சினாள். காவிக்கு அடியில் மண்ணெண்ணெய் வாடை கும்மென்று அடித்தது. வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். உப்புசத்துக்கென்று நல்லெண்ணெயில் பெருங்காயம் கரைத்துக் கொண்டுவந்த தன் பாட்டிலைத் திறக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்றவர்கள் வாயைப் பார்த்தால் லட்சுமணனுக்குத் தைரியம் வந்தது, இவள் கண்ணைப் பார்த்தால் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து, ரோட்டில் நின்ற ஜீப்பை நிழலுக்கு நகர்த்த வந்த டிரைவர், வழியில் நின்ற ஆட்டை விரட்ட ஹாரன் அடித்தான்.

மாடு நடக்க ஆரம்பித்தது.

நேராகக் கத்திரிப் பாத்திக்குள் இறங்கி, செடிகளை மிதித்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் போனது. “செவல! டேய் செவல!” என்று லட்சுமணன் கத்தினான். தன்னை யாரோ செவலை என்று கூப்பிடுகிறார்கள் என்று அந்த மாட்டுக்கு எப்படித் தெரியும்? நாலு வீட்டுத் தூரம் போனதும் பழக்கப்பட்டபடி தானாக நின்றது. திரும்பி, டின் எங்கே என்பதுபோல எல்லாரையும் பார்த்தது. அதன் வாயில் ஒரு நீட்டுப் பச்சைக் கத்திரிக்காயும், தொங்குகிற வெள்ளை நூலும் இருந்தன.

“சொன்ன உடனே நின்னுட்டுதே!” என்று வியந்தார் இயக்குநர்.

“அண்ணாத்தே வளப்பு சார்” என்றார் கோவிந்தன்.

டீ குடித்துவிட்டு சுலைமான் அப்போதுதான் திரும்பி வந்தார். மாடு மிதித்த பாத்தியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஏதும் பேசிவிடுவதற்குள் லட்சுமணன் முந்திக்கொண்டான். “சார், இவரு நம்ம பண்ணையாளு.”

சுலைமான் லட்சுமணனை ஒரு பார்வை பார்த்தார். ஏழு பிள்ளைகளின் பெயரும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, மடியிலிருந்து சாவியை எடுத்து மோட்டார் ரூமைத் திறந்தார். இயக்குநர் மைக்கோடு விடாமல் பின்னால் போனார்.

“முதலாளி உங்களை எப்படி வெச்சிருக்கார்?”

“முதலாளியா?” சுலைமான் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மனிதர். “அவரு தோட்டத்துப் பக்கம் வந்ததே இல்ல சார். இன்னிக்குத்தான் மொத தபா பாக்கறேன்.”

இயக்குநரின் புருவம் உயர்ந்தது. லட்சுமணன் கண்ணை மூடிக்கொண்டான்.

“பின்ன எப்படி சார் வருவாரு?” என்று கோவிந்தன் உள்ளே புகுந்தார். “நாட்டு விவசாயிங்க பயிரையெல்லாம் கவனிக்கிறாரு. சொந்தப் பயிரைக் கவனிக்க அவருக்கு ஏது சார் நேரம்?”

“தியாகம்!” என்றார் இயக்குநர், நெஞ்சைத் தொட்டுக்கொண்டு.

கிளம்பும் சமயத்தில் அவர் வரப்போரமாக நடந்தார். கடைசி வரிசைச் செடிகளிடம் வந்து, “இது என்ன ரகம்? இலையே வேற மாதிரி இருக்கே” என்று குனிந்தார். அவருக்கு முன்னால் கோவிந்தன் பாய்ந்து குனிந்தார். மன்றத்தார் நாலு பேரும் பாய்ந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் அந்த வரிசையில் தொங்கிய காயெல்லாம் அவர்கள் வேட்டி மடியில் இருந்தது.

“தப்பா நெனச்சிக்காத அண்ணாத்தே” என்றார் கோவிந்தன், மூச்சு வாங்க. “உன் தோட்டத்துக் காயி எங்களுக்குச் சாமி பிரசாதம் மாதிரி.”

லட்சுமணனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. எத்தனை வெள்ளை மனசு! இவர்களையா ஏமாற்றினோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

இயக்குநர் ஜீப்பின் படியில் ஏறி நின்று தீர்ப்புச் சொன்னார். “நான் நினைச்சது தப்பு. கழனிப் பேச்சு நிற்காது. ஆனா இது பாதிதான். அண்ணாத்தே சொன்னதை இவங்க வயல்ல செஞ்சு எப்படி விளைஞ்சிருக்குன்னு காட்டினாத்தான் மேலிடத்துக்கு எழுத முடியும். அடுத்த ஞாயிறு கோவிந்தன் தோட்டத்தில் ரிக்கார்டிங். என்ன கோவிந்தன், காலையிலேயே வந்துடலாமில்லே?”

அன்று காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்த கோவிந்தன் முதல் தடவையாகத் தலையைச் சொறிந்தார்.

“வாங்க சார்” என்றார் கடைசியில்.

ஜீப் புறப்பட்டுத் தெருமுனை திரும்புவதற்குள் இயக்குநரின் தலை சாய்ந்துவிட்டது. ஹாரன் கேட்டதும் மாடு இன்னொரு நாலு வீட்டுத் தூரம் போய் நின்றது. துலுக்கானம் வெளியே வந்து அதைப் பிடித்தார். மன்றத்தார் பஸ்ஸுக்கு நடந்தார்கள். வரும்போது இருந்த பேச்சு போகும்போது இல்லை.

லட்சுமணன் மாலையைக் கழற்றினான். உடம்பில் இருந்த காற்றெல்லாம் வெளியே வந்தது.

“தப்பிச்சோம் கஸ்தூரி. இனிமே கவலை இல்லை. அடுத்த வாரம் நிஜத் தோட்டம், நிஜ விவசாயி.”

“பாவங்க அவங்க” என்றாள் கஸ்தூரி. “நீங்க சொன்னது சொல்லாதது எல்லாத்தையும் நம்பறாங்க.”

மிதிபட்ட பாத்திக்கு சுலைமானுக்கு என்ன சமாதானம் சொல்வது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது வரப்பில் யாரோ வருவது தெரிந்தது. பொன்னியம்மா. தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தாள். லட்சுமணன் அவசரமாக மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

“இன்னாம்மா, இன்னாத்தையாவது வுட்டுட்டுப் போயிட்டியா?”

“இல்ல அண்ணாத்தே. அந்த பாயி ஊடு எங்க கீது?”

“எந்த பாயி?”

“அதான், மோட்டாரு ரூமு சாவிய மடில வெச்சிருந்தாரே, தோட்டத்து சொந்தக்காரரு.”

“அவரு... அவரு நம்ம பண்ணையாளு” என்றான் லட்சுமணன். வேம்புலியின் குரல் பாதியில் கழன்று பி.காம். குரல் வந்துவிட்டது. “அவர்கிட்ட உங்களுக்கு என்னம்மா வேலை?”

பொன்னியம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழம எங்களுக்கும் இந்தத் தோட்டந்தான் வோணும். எங்க ஊரு கழனியெல்லாம் பிளாட்டு போட்டு கல்லு நட்டு எந்தக் காலமோ ஆயிட்ச்சு. கோவிந்தன் கம்பெனில வாச்மேனு, நானு பள்ளிக்கூடத்துல ஆயா. ரேடியோல எங்க பேரு வருதேன்னுதான் புழு வந்துட்ச்சு, பூச்சி வந்துட்ச்சுன்னு எழுதிப் போட்டுகினு கீறோம். உன் ப்ரோக்ராம் நின்னுட்டா அப்பால எங்க பேர யாரு சொல்லுவா? அந்தப் பெரிய சாரு வண்டில ஏறினாத் தூங்கிடறாரு, டிரைவரைக் கோவிந்தன் பாத்துக்குவாரு. நீ பாயிகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு, அது போதும்” என்றாள் பொன்னியம்மா. “கத்திரிக்காய நாங்களே கட்டிக்கிறோம். கடசி வரிச மொளகாச் செடிய வுட்டுட்டு.”